தூண்டிற் புழுவும் நூலின் குணமும்

நெசவாளர்களும் விவசாயிகளும் படிக்கும் கூட்டுறவுப் பத்திரிகையில் மீன் பிடிக்கும் தூண்டிலைப் பற்றிய பேச்சு எதற்கு என்று அங்கத்தினர்களிற் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும், மேல்நாட்டு ஆறுகளில் டிரவுட் என்னும் மீனைப் பிடிப்பதற்காக அங்குள்ளோர் கட்டுகின்ற பொய்ப் புழு, தலை முதல் வால் வரை நூலாலும் இழையாலும் ஆனது. அதைக் கட்டுவதற்கு எந்தப் பொருளைத் தேர்ந்தெடுப்பது என்று அவர்களிடையே நடைபெறும் வாதம், நாம் தறியடியிலும் சாயப்பட்டறையிலும் பட்டுக்கூடு அங்காடியிலும் நாள்தோறும் நடத்திவரும் வாதமே ஆகும். பெயரை நம்பி வாங்குவதா, குணத்தைச் சோதித்து வாங்குவதா என்பதே அவ்வாதம்.

நமது அபிப்பிராயத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். பொய்ப் புழு கட்டுவோர் தம் பொருளை மூன்று கேள்விகளைக் கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது என்ன இழை? நீரில் அது எவ்வாறு நடந்துகொள்ளும்? ஆற்றடியில் அறுந்து தங்கிவிட்டால் பின்னர் அது என்ன ஆகும்? இம்மூன்றுக்கும் விடை தராத பொருள், எத்தனை மீனைப் பிடித்துத் தந்தாலும் நல்ல பொருள் ஆகாது. விடையை மறைத்து விற்பவர் நல்ல வியாபாரியும் ஆகார்.

பொய்ப் புழு என்பது யாது?

மண்புழுவை முள்ளில் கோத்துக் கெண்டையும் கெளுத்தியும் பிடிப்பது நம் ஊர்களில் யாவரும் அறிந்தது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இன்னொரு முறையும் உண்டு. உயிருள்ள இரையை விடுத்து, இறகு, மயிர், நூல் ஆகியவற்றைத் தூண்டில் முள்ளின்மேல் கட்டி, நீர்ப்பூச்சியைப் போல் தோன்றச் செய்து, அதை எறிந்து மீனை ஏமாற்றுவர். அப்படிக் கட்டியதற்கு ஈ என்றே பெயர். ஆங்கிலேயர் டிரவுட் மீனை நீலகிரிக்குக் கொணர்ந்து, 1907-ஆம் ஆண்டில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் பண்ணையும் அமைத்தனர். ஆகவே இம்முறை நம் மாநிலத்து மலைகளுக்கும் முற்றிலும் புதிதன்று.

இவ்வகை ஈக்களில் புழு வடிவானது பெரும் புகழ் பெற்றது அமெரிக்காவின் சான் ஹுவான் ஆற்றினால் ஆகும். நியூ மெக்சிகோ மாநிலத்தில் அந்த ஆற்றின் குறுக்கே நவஹோ அணை 1962-இல் கட்டி முடிக்கப்பட்டது. அணையின் ஆழத்திலிருந்து வெளியேறும் நீர் கோடையிலும் குளிர்ந்தே இருப்பதால், அணைக்குக் கீழே டிரவுட் செழித்தது. வண்டல் படிந்த ஆற்றடியில் செந்நிறமான சிறு புழுக்கள் மலிந்திருந்தன. மீன்கள் அவற்றைத் தின்பதைக் கண்ட தூண்டிற்காரர்கள், ஒரு துண்டு நூலை முள்ளின்மேல் கட்டி ஆற்றடியில் உருளவிட்டார்கள். இறகு இல்லை, வேறு அலங்காரமும் இல்லை. ஏறக்குறைய இரண்டு அங்குல நீளமுள்ள நூல் ஒன்றே அதன் உடல். ஆற்றின் பெயரே அதற்கும் வழங்கலாயிற்று.

இது ஈயே அன்று, வெறும் புழு இரைதான் என்று இகழ்வோர் அந்நாடுகளில் பலர். அந்த வழக்கில் நாம் தலையிடப் போவதில்லை. நமக்கு வேண்டியது வேறு. இறகு கட்டிய ஈயில் பொருளின் குறையை வேலைப்பாட்டால் ஓரளவு மறைத்துவிடலாம். புழுவில் மறைப்பதற்கு இடமே இல்லை. ஒரே நூல், ஒன்றிரண்டு கட்டு, அவ்வளவுதான். கரையையும் முந்தானையையும் விட்டுச் சேலையின் உடலைப் பார்த்து நெசவை மதிப்பிடுவது போல, இங்கே நூலை மட்டுமே பார்த்துப் பொருளை மதிப்பிடலாம்.

எந்தப் புழு?

பொருளைத் தேடிப் புறப்படுமுன் எந்தப் புழுவைக் கட்டுகிறோம் என்று தெளிய வேண்டும். மழை பெய்து கரை கரைந்து ஆற்றில் விழும் மண்புழு வேறு. ஆற்றடி வண்டலில் வாழும் மெல்லிய நீர்ப்புழு வேறு. ஏரிச் சேற்றில் வாழும் இரத்தப்புழு வேறு. கடைசியாகச் சொன்னது உண்மையில் புழு அன்று. கடியாத ஒருவகைக் கொசுவின் இளம் பருவம். நம் இரத்தத்திற்குச் சிவப்பைத் தரும் அதே வகைப் பொருள் அதன் உடலிலும் உள்ளது. அதனாலேயே பிராணவாயு குறைந்த சேற்றிலும் அது உயிர் வாழ்கிறது. அதன் நிறமும் அதனாலேயே வந்தது.

மண்புழுவுக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் பருமனுள்ள பூநூல் பொருந்தும். இரத்தப்புழுவுக்கு அது மிகவும் தடிப்பு; சிவப்புப் பட்டிழையை முள்ளின்மேல் நெருக்கமாகச் சுற்றினால் போதும். வேட்டிக்குரிய நூலைக் கொண்டு ஜமக்காளம் நெய்ய எவரும் முற்படுவதில்லை. ஆயினும் தூண்டிற் கடைகளில் ஒரே பொட்டலத்தை எல்லாப் புழுவுக்கும் ஏற்றது என்று விற்பதும் வாங்குவதும் நடக்கின்றன.

நீளத்திலும் அளவு வேண்டும். இரு முனைகளும் முள்ளுக்கு அப்பால் தொங்கி நீரோட்டத்தில் அசைவதே புழுவுக்கு உயிர் தருவது. ஆனால் முனை மிக நீண்டுவிட்டால் மீன் வாலை மட்டும் கவ்விச் சென்றுவிடும். அல்லது வால் முள்ளின் வளைவில் சுற்றிக்கொள்ளும்.

செனில் என்னும் பூநூல்

சான் ஹுவான் புழுவுக்கு மிகுதியாகப் பயன்படுவது செனில் என்னும் நூல். பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்குக் கம்பளிப்புழு என்பது பொருள். நூலைப் பார்த்தவுடன் பெயரின் காரணம் விளங்கும். சுற்றிலும் குட்டையான மயிர் எழும்பி நிற்கும்.

அந்நூல் பிறந்த விதம் நெசவாளர் அறியத்தக்கது. முதலில் பாவு நூல்களைச் சிறுசிறு கொத்துகளாக, இடையிடையே இடைவெளி விட்டுப் பூட்டி, ஊடையை அடர்த்தியாக ஓட்டி ஒரு துணி நெய்வார்கள். பின்பு கொத்துக்கும் கொத்துக்கும் நடுவே நீளவாக்கில் துணியை வெட்டுவார்கள். ஒவ்வொரு கீற்றிலும் பாவு நூல்கள் நடுநரம்பாக நிற்க, வெட்டுண்ட ஊடைகள் இருபுறமும் மயிராக நீட்டி நிற்கும். அக்கீற்றே மீண்டும் ஒரு தறிக்கு ஊடையாகப் போகும். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்து ஜேம்ஸ் டெம்பிள்டன் என்பார் இம்முறையைக் கம்பள நெசவுக்கு உரியதாக்கி 1839-இல் காப்புரிமை பெற்றார். இன்று பெரும்பாலும் இரண்டு நடுநூல்களை முறுக்கும்போதே குட்டையாக வெட்டிய இழைகளை அவற்றின் நடுவே பிடித்துக்கொள்ளும்படி எந்திரம் செய்துவிடுகிறது.

ஆகவே செனில் என்பது நூலின் அமைப்பைக் குறிக்கும் பெயரேயன்றி, இழையின் பெயர் அன்று. பருத்தியிலும் செனில் உண்டு, ரேயானிலும் உண்டு, பாலியெஸ்டரிலும் நைலானிலும் உண்டு. வாங்குவோர் பலர் தடுமாறும் இடம் இதுவே. செனில் வேண்டும் என்று கேட்பது, ஜரிகைச் சேலை வேண்டும் என்று மட்டும் கேட்பதற்கு ஒப்பாகும். ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று கேளாமல் வாங்கியவர் படும் பாட்டை நாம் அறிவோம்.

அமைப்பிலேயே செனிலுக்கு ஒரு குறை உண்டு. வெட்டிய முனையில் முறுக்கு அவிழும். முறுக்கு அவிழ்ந்தால் மயிர் உதிரும். நான்கு மீன் கடித்தபின் நடுநூல் மட்டும் மொட்டையாகத் தெரியும். எனவே மயிர் அடர்ந்ததும் முறுக்கு இறுகியதுமான நூலையே கொள்ள வேண்டும். விரலிடையில் ஒரு சாண் நீளத்தைப் பிடித்து இரண்டு முறை உருவிப் பார்த்தால், உதிரும் நூலும் உதிராத நூலும் தாமே தெரியும்.

நான்கு சோதனைகள்

பொட்டலத்தின் மேலுள்ள பெயர் உதவாதபோது, இழையையே கேட்க வேண்டியதுதான். அதற்குச் சோதனைகள் நான்கு. இவற்றில் எதுவும் நெசவாளருக்குப் புதிதன்று.

முதலாவது நெருப்பு. பருத்தியும் ரேயானும் காகிதம் போல் எரிந்து, காகித வாடை வீசி, மெல்லிய சாம்பலாகும். பட்டும் கம்பளியும் மெதுவாகக் கருகி, மயிர் பொசுங்கும் வாடை தந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் கரியை விடும். பாலியெஸ்டரும் நைலானும் சுருங்கி உருகி, ஆறியபின் கெட்டியான மணியாக நிற்கும். புழு கட்டுவோர்க்கு இது சோதனை மட்டுமன்று, வேலைமுறையும் ஆகும். உருகும் இழையாலான செனிலின் முனையைச் சுடரின் பக்கத்தில் காட்டினால், மயிர் உள்வாங்கி முனை கூர்மையாகும், அவிழ்வதும் நிற்கும். ரேயான் செனிலில் இதைச் செய்தால் முனை எரிந்துபோகும். எந்த இழை என்று அறியாமல் சுடரில் காட்டுபவர் பொருளையும் இழப்பார். சில சமயம் விரலையும் சுட்டுக்கொள்வார்.

இரண்டாவது நீர். புழு ஆற்றின் அடியில் உருள வேண்டும். ஆகவே மூழ்கும் பொருள் வேண்டும். நீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால், பருத்தியும் ரேயானும் 1.5-க்குச் சற்று மேல்; பாலியெஸ்டர் 1.38, பட்டும் கம்பளியும் 1.3 அளவு; நைலான் 1.14. பாலிபுரொப்பிலீன் என்னும் இழை 0.91, அது என்றும் மிதக்கும். இக்கணக்கின்படி மூழ்க வேண்டிய கம்பளியும், எண்ணெய்ப் பசை நீங்காதிருந்தால் காற்றைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் மிதக்கும். ஆகையால் ஒரு குவளை நீரில் நூலை இட்டுப் பார்ப்பதே சிறந்தது. மூழ்குகிறதா, எவ்வளவு நேரத்தில் மூழ்குகிறது, நனைந்தபின் விறைக்கிறதா, துவள்கிறதா என்று காண வேண்டும். கடை விளக்கில் உலர்ந்த நூலின் அழகைப் பார்த்து வாங்குவதால் பயனில்லை. மீன் அதை உலர்ந்த நிலையில் ஒருபோதும் காண்பதில்லை.

மூன்றாவது இழுப்பு. இதையும் நனைத்தபின் செய்ய வேண்டும். பருத்தி நனைந்தால் வலுக்கூடும்; இது பாவு போடுவோர் அனைவரும் அறிந்தது. பட்டும் கம்பளியும் சிறிது வலுக் குறையும். விஸ்கோஸ் ரேயானோ நனைந்தால் தன் வலுவில் ஏறக்குறையப் பாதியை இழந்துவிடும். உலர்ந்த நிலையில் கையால் இழுத்துப் பார்த்துச் சரி என்று வாங்கிய ரேயான் நூல், நீரில் ஊறி ஒரு மீன் கடித்ததும் கிழிவது இதனாலேதான்.

நான்காவது சாயம். நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்க்க வேண்டும். இளகும் சாயம் ஒரு மணி நேரத்தில் ஆற்றோடு போய்விடும். சாயம் நிற்பதாயினும் நனைந்த நிறம் வேறு என்பதை மறக்கலாகாது. பட்டிழை நனைந்தால் நிறம் கருக்கும். உள்ளே இருக்கும் முள்ளின் கருமையும் ஊடுருவித் தெரியும். சிவப்புப் பட்டு கரும்பழுப்பாகத் தோன்றும். பட்டால் உடல் கட்டுவோர், முள்ளின்மேல் முதலில் வெள்ளை நூலைச் சுற்றி, அதன்மேல் சிவப்பைச் சுற்றினால் நிறம் நிற்கும். நிறத்தேர்விலும் புழுவையே நோக்க வேண்டும். செங்கல் நிறம், பழுப்பு, வெளிர் சிவப்பு, இரத்தச் சிவப்பு ஆகிய இந்நான்குமே போதும். கலங்கல் நீருக்கு அழுத்தமான நிறம், தெளிந்த நீருக்கு மங்கிய நிறம் என்பது பொதுவான வழக்கம்.

கட்டும் நூல்

உடலைப் பற்றி ஆயிரம் யோசிப்போர் அதைக் கட்டும் நூலைப் பற்றி யோசிப்பதில்லை. புழு பெரும்பாலும் கெடுவது கட்டில்தான்.

கட்டும் நூலை டெனியர் கணக்கில் விற்கிறார்கள். 9000 மீட்டர் நீளமுள்ள நூலின் எடை எத்தனை கிராமோ, அத்தனை டெனியர் என்பது பட்டு வளர்ப்போர்க்கும் நூற்போர்க்கும் தெரிந்ததே. ஒரு கூட்டின் இழை இரண்டு முதல் மூன்று டெனியர். ஏழெட்டுக் கூடுகளின் இழைகளைச் சேர்த்தால் 20/22 டெனியர் கச்சாப் பட்டு ஆகும். புழு கட்டும் நூல்களில் மிகுதியாக வழங்கும் 70 டெனியர் என்பது, அப்படிப்பட்ட கச்சாப் பட்டு மூன்று இழைகளைச் சேர்த்ததைவிடச் சற்றே பருமன்.

ஆயினும் டெனியர் மட்டும் போதாது. முறுக்கையும் பார்க்க வேண்டும். முறுக்கு ஏறிய நூல் வட்டமாக நின்று, மென்மையான பொருளைக் கத்தி போல் அறுக்கும். முறுக்கில்லாத நூல் தட்டையாகப் பரந்து, பொருளை அறுக்காமல் பற்றும். செனிலுக்கு இரண்டும் பொருந்தும். மென்மையான பொருளுக்குத் தட்டை நூலே பொருந்தும். ஒரே டெனியருள்ள இரண்டு நூல்கள் முற்றிலும் வேறாக நடந்துகொள்வது ஏன் என்று தறி பழகாத தூண்டிற்காரர் வியப்பர். நெசவாளர் வியக்க மாட்டார்.

ரப்பர்ப் புழு

இனி இந்தத் துறையின் இன்றைய பெரிய வாதத்திற்கு வருவோம். குழந்தைகள் விளையாடும் பந்து ஒன்று உண்டு, உடலெங்கும் ரப்பர் போன்ற மெல்லிய இழைகள் தொங்கும், தொட்டால் நெளியும். அந்த இழையைக் கிள்ளி முள்ளில் கட்டிப் பார்த்தார்கள். நீரில் அது உயிருள்ள புழுவைப் போலவே நெளிந்தது. மீன் விடாமல் கடித்தது. பின்னர் அதே பொருளைத் தூண்டிலுக்கென்றே செய்து விற்கத் தொடங்கினார்கள். செனிலைவிட அது நன்றாக அசைகிறது என்பதை மறுப்பதற்கில்லை. இங்கிலாந்தில் டிரவுட் வளர்க்கும் ஏரிகள் சிலவற்றில் அதைத் தடை செய்யும் அளவுக்கு அதன் பெயர் பரவிவிட்டது.

அதன் குறைகளையும் சொல்ல வேண்டும். இறுக்கிக் கட்டினால் கட்டிய இடத்திலேயே அறுந்துவிடும். சிலவகைப் பசைகள் பட்டால் இளகிப்போகும். வெயிலில் பெட்டியோடு வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு மீனுக்கு ஒரு புழு என்ற கணக்கில் செலவாவதும் உண்டு.

இவை வாங்குவோரின் பாடு, அவர் பொறுத்துக்கொள்ளலாம். ஆறு பொறுக்குமா என்பதே நமது கேள்வி. நீரின்மேல் மிதக்கும் ஈ எளிதில் தொலைவதில்லை. புழுவோ ஆற்றடியில் கல்லிடையே உருளுவதற்கென்றே கட்டப்படுவது. கல்லிலும் வேரிலும் சிக்கி அறுந்துபோவது அதற்கு நாளாந்த நிகழ்ச்சி. ஆகவே புழுவுக்குத் தேர்ந்தெடுக்கும் பொருள், ஆற்றில் விட்டுவரப்போகும் பொருள் என்றே கொள்ள வேண்டும். இரும்பு முள் துருப்பிடித்துக் கரையும். பருத்தியும் கம்பளியும் பட்டும் நாளடைவில் மக்கும். ரப்பர் போன்ற செயற்கைப் பொருளும் பாலியெஸ்டரும் அவ்வளவு எளிதில் மக்கமாட்டா. துண்டு துண்டாகி நுண்துகளாய் நீரிலேயே நிற்கும்.

ஒரு தூண்டிற்காரர் விடும் துண்டு எவ்வளவு, நாம் துவைக்கும் பாலியெஸ்டர்த் துணியிலிருந்து ஆற்றுக்குப் போவது எவ்வளவு என்று ஒருவர் எதிர்வாதம் செய்யலாம். அளவில் அவர் சொல்வது சரி. ஆனால் சிறிது என்பதற்காகத் தீங்கை விட்டுவிட்டதன் பலனை அதே தூண்டிற்காரர்கள் முன்பு கண்டிருக்கிறார்கள். தூண்டிலுக்கு எடையாகக் கட்டிய சிறு ஈயக் குண்டுகள் ஆற்றடியில் தங்கின. கூழாங்கல் பொறுக்கும் அன்னங்கள் அவற்றை விழுங்கி நஞ்சேறி இறந்தன. 1987-ஆம் ஆண்டு முதல் பிரிட்டனில் 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையுள்ள ஈயக் குண்டுகளைத் தூண்டிலுக்கு விற்பதே தடை செய்யப்பட்டது. ஒரு குண்டு மிகச் சிறியதுதான். ஆயிரம் பேர் ஆண்டுதோறும் இட்டபோது அது சிறியதாக இருக்கவில்லை. புழுவை மூழ்கச் செய்ய எடை வேண்டுமாயின், ஈயத்தைவிடக் கனமான டங்ஸ்டன் மணி இருக்கிறது. விலை அதிகம், ஆனால் ஈயத்தின் அடர்த்தி 11.3 என்றால் இதன் அடர்த்தி 19.3. சிறிய மணியே போதும்.

இயற்கை என்பதற்காக மட்டும் அன்று

இவ்வளவு சொன்னதால், இயற்கை இழை என்றாலே உயர்ந்தது, எந்திரத்தில் பிறந்தது என்றாலே தாழ்ந்தது என்று நாம் வாதிடுவதாக எவரும் எண்ணவேண்டாம். பட்டு வளர்ப்போர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வரலாறு இதற்கு எதிர்ச்சாட்சியாக நிற்கிறது.

முன்னாளில் தூண்டிற் கயிற்றின் கடைசிப் பகுதி, அதாவது முள்ளோடு சேரும் மெல்லிய பகுதி, பட்டுப்புழுவின் உடலிலிருந்தே எடுக்கப்பட்டது. கூடு கட்டத் தயாரான புழுவைப் புளிக்காடியில் ஊறவைத்து, அதன் பட்டுச் சுரப்பியை வெளியே எடுத்து, இரு கைகளாலும் இழுத்து ஒரே நரம்பாக்கி உலர்த்துவர். ஸ்பெயின் நாட்டு முர்சியாப் பகுதி இத்தொழிலுக்குப் பேர்போன இடம். ஒரு நரம்பின் நீளம் ஒரு முழத்திற்கும் குறைவு என்பதால், பலவற்றை முடிந்து நீளமாக்க வேண்டும். உலர்ந்திருந்தால் ஒடியும், ஆகவே உபயோகிக்குமுன் நீரில் ஊறவைக்க வேண்டும். 1938-இல் நைலான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. யுத்தத்திற்குப் பின் வேண்டிய நீளத்தில், முடிச்சில்லாமல், ஊறவைக்க வேண்டாத நைலான் இழை வந்ததும், பட்டு நரம்பு கடையைவிட்டு மறைந்தது. அது நியாயமான தோல்வி. அந்த வேலைக்கு நைலான் உண்மையிலேயே சிறந்த பொருள். அதைத் தூண்டிற்காரர் விரும்பியதில் தவறில்லை.

ஆனால் எல்லாத் தோல்வியும் அப்படிப்பட்டதன்று. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் ஆறுகளில் பட்டு நூலையே உடலாகச் சுற்றி, ஒரேயொரு கவுதாரி இறகைத் தலையில் கட்டிய ஈக்கள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. டி. ஈ. பிரிட் என்பார் 1885-இல் வெளியிட்ட நூலில் ஈக்களுக்கு எந்த நிறப் பட்டைச் சுற்ற வேண்டும் என்று குறித்திருக்கிறார். அவ்வேலைக்குப் பட்டை மிஞ்சிய பொருள் இன்றும் வரவில்லை என்று அங்குள்ளோர் கருதுகின்றனர். ஆயினும் 1795-இல் தொடங்கிய பியர்சால் என்னும் பெயரில் விற்ற மெல்லிய பட்டு நூலின் உற்பத்தி நின்றுவிட்டது. மீதமிருந்த சுருள்களைத் தேடிப்பிடித்துச் சேர்த்துவைக்கும் நிலை வந்தது. வாங்குவோர் சிதறியிருந்தார்கள், ஒவ்வொருவருக்கும் வேண்டியது ஆண்டுக்கு ஓரிரு சுருளே. எல்லோருடைய தேவையையும் ஒன்றாகத் திரட்டிச் சாயப்பட்டறைக்குச் சொல்லும் சங்கம் ஒன்று இருந்திருந்தால், கதை வேறாக முடிந்திருக்கலாம் என்பது நமது எண்ணம். சிறு தேவைகளைத் திரட்டுவதற்கு அன்றோ கூட்டுறவு ஏற்பட்டது?

சீட்டில் எழுதுக

கூட்டுறவின் பிறப்பிடமும் அந்த யார்க்‌ஷயருக்கு அடுத்த லங்காஷயரில்தான் இருக்கிறது. 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி ராச்டேல் நகரத்தில் டோட் லேன் தெருவில் 28 பேர் சேர்ந்து ஒரு சிறு கடை திறந்தனர். அவர்களிற் சிலர் நெசவாளர்கள். மாவில் கலப்படமும் நிறுவையில் வஞ்சனையும் மலிந்திருந்த காலம் அது. கலப்பில்லாத மாவையும் வெண்ணெயையும் சர்க்கரையையும் சரியான நிறுவையில் கொடுப்பதே அவர்கள் கடையின் பெருமை. மலிவு என்பது அவர்களுக்கு இரண்டாம் பட்சம். உள்ளது உள்ளபடி விற்பது முதற்பட்சம்.

அந்த நியாயத்தை இன்றைய பொட்டலத்திற்கும் பொருத்திப் பார்ப்போம். அமெரிக்காவில் ஆடைக்கும் துணிக்கும் இழையின் பெயரையும் விகிதத்தையும் சீட்டில் எழுத வேண்டும் என்று 1958-இல் சட்டம் இயற்றினார்கள். ஆனால் தூண்டிற் கடையில் தொங்கும் செனில், நெளியிழை, மின்னிழை முதலிய பொட்டலங்களிற் பலவற்றில் கவர்ச்சியான வியாபாரப் பெயரும் நிறமும் மட்டுமே காணப்படுகின்றன. உள்ளே ரேயானா, நைலானா, பாலியெஸ்டரா என்று சொல்லப்படுவதில்லை. இது திருத்தப்பட வேண்டும். இழையின் பெயர், பருமன், சாயம் நிற்குமா என்பது ஆகிய இம்மூன்றையும் ஒரு வரியில் எழுத வியாபாரிக்குச் செலவு ஒன்றுமில்லை. எழுத மறுக்கும் பொட்டலத்தை வாங்க மறுப்பதே வாங்குவோர் செய்யத்தக்கது.

இதை நாம் தூண்டிற்காரருக்கு மட்டும் சொல்லவில்லை. பட்டுக்கு 2004-இல் பட்டு முத்திரையும், கைத்தறிக்கு 2006-இல் கைத்தறி முத்திரையும் நம் நாட்டில் ஏற்படுத்தப்பட்டன. பெயர் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் விற்கப்பட்டதால் நெசவாளர் அடைந்த நஷ்டமே அவற்றுக்குக் காரணம். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்றும், கலப்பு நூலைத் தூய பட்டு என்றும் விற்பவர் வாங்குவோரை மட்டும் ஏமாற்றவில்லை. உண்மையாக உழைத்த நெசவாளரையும், மல்பெரி இலை பறித்துப் புழு வளர்த்தவரையும் ஏமாற்றுகிறார். முத்திரை இருந்தும் அதைக் கேட்டு வாங்கும் பழக்கம் நம் மக்களிடம் இன்னும் வேரூன்ற வேண்டும்.

இதையெல்லாம் சொல்வது, நாளைக்கே செனில் முறுக்கும் எந்திரம் வாங்கும்படி அங்கத்தினர்களைத் தூண்டுவதற்காக அன்று. தூண்டிற் புழுவுக்கு வேண்டிய நூல் மிகச் சிறிது. அதை நம்பி ஒரு தறியும் ஓடாது. இரண்டு அங்குல நூலை வாங்குவோரும் இத்தனை கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது என்றால், ஆறு கஜம் வாங்குவோர் எத்தனை கேட்க வேண்டும் என்பதை உணர்த்தவே இதை எழுதினோம்.

புழு கட்டுவோர்க்கு நமது முடிவான யோசனை இது. இரத்தப்புழுவுக்குப் பட்டைக் கொள்க. மண்புழுவுக்குக் கம்பளி நூலையோ பருத்திச் செனிலையோ முதலில் முயல்க. உருகும் செனிலின் உறுதி இன்றியமையாத வேகமான ஆற்றில் மட்டும் அதைக் கொள்க. ரப்பர்ப் புழுவை விடுக. ஈயத்தை அறவே விடுக. எதை வாங்கினாலும் ஒரு முனையைக் கிள்ளி நெருப்பிலும் நீரிலும் இட்டுப் பார்த்த பின்னரே முள்ளில் ஏற்றுக.

நம் அங்கத்தினர்களுக்குச் சொல்வது இன்னும் சுருக்கம். சங்கத்திலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு சிட்டத்திலும் ஒவ்வொரு துணியிலும் இழையின் உண்மைப் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று இந்த மாதக் கூட்டத்திலேயே கேளுங்கள். இல்லையென்றால், அடுத்த மாதத்திலிருந்து எழுதப்பட வேண்டும் என்று தீர்மானம் கொண்டு வாருங்கள்.